பெர்ன் நகரத்து வாளும் கஞ்சமலை உலையும்

"வெனிஸ் நகரம் கண்டேன், தெருவெல்லாம் நீர், நீரெல்லாம் படகு!" என்பார் ஒருவர். "பாரிசிலே லூவர் காட்சிச்சாலைக்குப் போனேன், மோனாலிசாவைக் காண நின்றேன், எனக்கு முன்னே நின்ற முந்நூறு தலைகளைக் கண்டேன்!" என்பார் இன்னொருவர். ஐரோப்பா சென்று மீள்வது இன்று சீமான்களுக்கு மட்டும் வாய்க்கும் பேறன்று. பத்து நாளில் ஆறு நாடு காட்டுவதாக விளம்பரங்கள் காண்கிறோம். சேலம், நாமக்கல் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஜெர்மனியிலே பொறியியல் பயில்கிறார்கள். விடுமுறை வந்தால் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்த்துப் படம் அனுப்புகிறார்கள். கோட்டை, கோபுரக் கடிகாரம், கல் பாவிய தெரு, ஆற்றின்மேல் வளைந்த பாலம்! பார்க்கப் பார்க்கக் கண் குளிர்கிறது. போகட்டும், பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்?

நான் கேட்பது வேறு. அந்நகரங்களின் காட்சிச்சாலைகளிலே, கண்ணாடிப் பேழைக்குள்ளே, நம்மவர் கைத்திறனும் உறங்கிக் கிடக்கிறதே. அதனைத் தேடிச் சென்று பார்த்தவர் எத்தனை பேர்?

சிலைகளைச் சொல்லுகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். சிலைகளின் கதையை நாடறியும். பத்தூர் நடராசர் இலண்டன் நீதிமன்றத்திலே வழக்காடி வென்று 1991இல் தாயகம் மீண்டார். ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் காட்சிச்சாலை 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வாரைத் திருப்பித்தர அப்பல்கலைக்கழகம் 2024இல் இசைந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1957இல் எடுத்து வைத்திருந்த புகைப்படம் அதற்குச் சான்றாக நின்றது. சிலைக்கு வழக்குரைக்க ஊர் உண்டு, கோயில் உண்டு, காவல்துறை உண்டு. நான் சொல்ல வந்த பொருளுக்கு அப்படி எவரும் இல்லை. அது இரும்பு! வெறும் இரும்பு!

சுவிட்சர்லாந்தின் தலைநகர் பெர்ன். ஆரே ஆறு மூன்று பக்கமும் வளைத்தோட, நடுவே நீண்டு கிடக்கும் பழைய நகரம், மழைக்கும் வெயிலுக்கும் நனையாமல் நடந்து போகக் கடைகளின் முன்னே கல் வளைவு நடைபாதை, மணிக்கூண்டு. உலக மரபுச் சின்னம் என 1983இல் அறிவிக்கப்பட்ட நகரம் அது. ஆற்றைக் கடந்தால் கோட்டை போன்ற தோற்றத்திலே வரலாற்றுக் காட்சிச்சாலை நிற்கிறது. ஹென்றி மோசர் என்னும் சுவிஸ் நாட்டார் மத்திய ஆசியாவிலும் பாரசீகத்திலும் அலைந்து திரட்டிய ஆயுதங்களை 1914இல் அந்தச் சாலைக்கு வழங்கினார். அவற்றுள்ளே டமாஸ்கஸ் வாள்கள் உண்டு.

டமாஸ்கஸ் வாள் என்றால் என்ன? அலகைச் சாய்த்துப் பிடித்தால் ஓடும் நீரின் அலை போலக் கோடுகள் நெளியும். கூர்மையும் உண்டு, வளைந்து கொடுக்கும் தன்மையும் உண்டு. சிலுவைப்போர்க் காலந்தொட்டு ஐரோப்பியர் கண்டு வியந்து, செய்ய முயன்று, முடியாமல் ஏங்கிய வாள் அது. வாளை அடித்தவன் பாரசீகத்துக் கொல்லன், சந்தை சிரியாவில், பெயர் டமாஸ்கஸ். ஆனால், அந்த அலகுக்கு உயிரான எஃகுக் கட்டி, தக்காணத்திலும் மைசூரிலும் சேலத்துச் சமவெளியிலும் இலங்கையிலும் மண் மூசைகளில் உருகி, கப்பலேறிப் போனது! 'ஊட்ஸ்' என்று அதனை ஆங்கிலேயர் எழுதினர். 'உக்கு' என்னும் கன்னடச் சொல்லின் திரிபு அது என்பர் அறிஞர். நம் 'உருக்கு' அதற்கு உடன்பிறப்பு.

மோசர், தம்மிடமிருந்த சில வாள்களைச் சோக்கே என்னும் ஆய்வாளரிடம் வெட்டிப் பார்க்கவே கொடுத்துவிட்டார். அவருடைய ஆய்வு 1924இல் வெளிவந்தது. அந்தத் துண்டுகளைத்தான் அமெரிக்க உலோக அறிஞர் வெர்ஹோவன் 1990களில் மீண்டும் கையிலெடுத்தார். இரும்பிலே மிகமிகச் சிறிதளவு கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே அந்த அலைக்கோடுகளுக்குக் காரணம் என்று அவரும், பெண்ட்ரே என்னும் கொல்லரும் சேர்ந்து உலையிட்டுக் காட்டினர். அறிஞரும் கொல்லரும் ஒரே கட்டுரைக்கு ஆசிரியர்கள்! இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2006இல் டிரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள், பெர்ன் காட்சிச்சாலையின் வாள் ஒன்றிலே நுண்ணோக்கியின் துணையால் கார்பன் நுண்குழாய்களைக் கண்டதாக அறிவித்தனர். 17ஆம் நூற்றாண்டு வாள் அது.

அந்த வாளின் எஃகு கஞ்சமலையில் பிறந்ததுதான் என்று சாதிக்க நான் வரவில்லை. எந்த ஊர்க் கட்டி என்று எவரும் இன்று அறுதியிட்டுக் கூற இயலாது. பெயர் பொறிக்காமல் போன பொருள் அது. வாளை வடித்த பாரசீகத்தான் தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். கட்டியை உருக்கியவன் பொறிக்கவில்லை. அவனுக்கு எழுத்து யார் சொல்லிக் கொடுத்தார்?

இனி இலண்டனுக்கு வருவோம். விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையிலே திப்புவின் மரப்புலி, வெள்ளைச் சிப்பாயின் குரல்வளையைக் கவ்வியபடி கிடக்கிறது. அதைப் பார்த்துப் படமெடுத்துக் கொள்ளாத இந்தியர் இலர். அந்தத் திப்புவிடமிருந்துதான், 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, பாராமகாலும் சேலமும் கம்பெனியார் கைக்குப் போயின. நம் கொண்டப்பநாயக்கன்பட்டியும் கூடத்தான்! போர்க்களத்துப் புலியைக் காணச் செல்வோர், அப்படியே ஆல்பிமார்ல் தெருவிலுள்ள இராயல் இன்ஸ்டிடியூஷனுக்கும் செல்லுவாராக. அங்கே ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே.

பாரடே யார்? கொல்லன் மகன். புத்தகம் கட்டும் கடையிலே வேலை பழகியவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு பெற்றவர். 1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்பவர் இந்திய எஃகுக் கட்டிகளை இராயல் கழகத் தலைவர் ஜோசப் பேங்க்சுக்கு அனுப்பினார். மறு ஆண்டே பியர்சன் என்பார் அதுபற்றிக் கட்டுரை படித்தார். ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்பவர் அந்த எஃகிலே அறுவைக் கருவிகள் செய்து, ஐரோப்பிய எஃகினும் இதுவே சிறந்தது என்று தம் கடைச் சீட்டிலேயே அச்சிட்டார். அவரும் பாரடேயும் சேர்ந்து, 1819 முதல், 'இதில் என்ன கலந்திருக்கிறது? இதைப்போல் நாமும் செய்வதெப்படி?' என்று உலை வைத்துப் பார்த்தனர். பிளாட்டினம் கலந்தனர், வெள்ளி கலந்தனர், ரோடியம் கலந்தனர். ஊட்சின் இரகசியம் பற்றிப் பாரடே கொண்ட முடிவு தவறாயிற்று. அலுமினியமும் சிலிக்காவும் காரணம் என்றார் அவர். ஆனால் அந்தத் தவற்றைத் தேடிப் போன வழியிலே கலப்பு எஃகு ஆராய்ச்சி என்னும் துறையே பிறந்தது. அவர் விட்டுச்சென்ற ஒரு மரப்பெட்டியிலே 79 எஃகுத் துண்டுகள் இருந்தன. ஷெபீல்டு நகரத்து ஹாட்பீல்டு அவற்றை 1931 வாக்கில் ஆராய்ந்து வெளியிட்டார். பாரிசு நாணயச்சாலையிலே பிரேயான், உரால் மலைச் சாரலின் ஸ்லாடவுஸ்ட் நகரிலே ரஷ்யர் அனோசோவ், இவர்களும் அதே புதிருக்கு விடை தேடி அலைந்தவர்கள்.

ஒரு கொல்லன் மகனை ஆராய்ச்சிக்கூடத்தில் ஏற்றிய நாடு அது. வலிந்து இழுத்த கையன்று. பெரிய இடத்து அம்மையார் ஒருவர் பாரடேயைப் பயணத்திலே வேலைக்காரன்போல் நடத்தியதும் உண்டு. எனினும் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவ்வளவு போதும், நுழைந்துவிட்டார்.

இப்போது ஷெபீல்டு. அழகிய நகரம் என்று அதனை எவரும் சுற்றுலாப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஏழு குன்றும் ஐந்தாறும் கொண்ட ஊர் அது; நூறாண்டுப் புகை படிந்த ஊர். நம் சேலத்தார் காணவேண்டிய ஐரோப்பிய நகரம் ஒன்றே ஒன்று என்றால் நான் ரோமாபுரியை விட்டு இதைச் சொல்லுவேன். ஷீப் ஆற்றங்கரையில் அபிடேல் என்னும் பழைய தொழிற்குடியிருப்பு. நீர்ச்சக்கரம், சம்மட்டிப் பட்டறை, சாணைக்கூடம், மூசையில் எஃகு உருக்கும் உலை, தொழிலாளர் வீடு எல்லாம் நின்ற நிலையிலேயே நிற்கின்றன. 1933இல் தொழில் நின்றது. 1970இல் காட்சிச்சாலையாகத் திறந்தார்கள். மன்னன் அரண்மனையைப் பேணுவது போலப் பட்டறையைப் பேணுகிறார்கள்! கெல்ஹாம் தீவு என்னும் இடத்தில் இன்னொரு காட்சிச்சாலை உண்டு. வாயிலிலே பெரும்பானை போல நிற்கிறது பெசமர் உலை.

மூசை எஃகு அந்நகருக்குத் தெரிந்தது 1740 வாக்கில். ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி தன் வில்லுக்கு நல்ல எஃகு வேண்டிக் கண்டுபிடித்தார். போட்டித் தொழிலாளி ஒருவன் பிச்சைக்காரன் வேடமிட்டு, குளிருக்கு ஒதுங்குவதாகச் சொல்லி உலையருகே படுத்துத் தொழில் மருமத்தைத் திருடினான் என்று அவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. கதையோ மெய்யோ, திருடத்தக்க அறிவு என்று அதை மதித்தார்கள் பாருங்கள்! கத்தி செய்வோர் சங்கத்துக்கு 1624லேயே சட்ட ஏற்பு இருந்தது. இருண்ட பக்கமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உலர் சாணையில் கவைமுள் தீட்டியவர்கள் கல் தூசியை மூச்சோடு இழுத்து, நாற்பதை எட்டாமல் மாண்டனர். அந்த நோய்க்கே 'சாணைக்காரர் இழுப்பு' என்று பெயர்.

இந்த ஷெபீல்டுக்கும் நம் கஞ்சமலைக்கும் நடுவே பாலமாக நின்ற மனிதர் ஒருவர் உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். இரும்பின்மேல் மையல் கொண்டு உத்தியோகத்தை விட்டவர். 1830இல் பரங்கிப்பேட்டையிலே இரும்பாலை கண்டார். கஞ்சமலைக் கனிமம் பரிசலேறிக் காவிரி வழியே கடற்கரை சென்றது. ஆலையின் வாய்க்குக் கரி வேண்டும், காடு கரைந்தது. 1860களில் அந்த ஆலையும் அணைந்தது. வேல்சு நாட்டிலே மெனாய் நீரிணையின்மேல் 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் அந்த இரும்பும் சேர்ந்தது என்று சேலம் வரலாறு எழுதியோர் குறிப்பர். அந்தப் பாலம் 1970இல் தீப்பற்றி மாற்றிக் கட்டப்பட்டது. பழைய இரும்புக் குழாயின் ஒரு துண்டைக் கரையிலே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஹீத் செய்த பெரும்பணி ஆலையன்று, ஒரு கட்டுரை. சேலத்து மக்கள் எஃகு உருக்கும் முறையை நேரில் கண்டு, இலண்டன் இராயல் ஆசியக் கழக இதழுக்கு 1830களில் எழுதினார். அதைப் படிக்கையில் ஏதோ நம் வீட்டுச் சமையல் முறை படிப்பது போலிருக்கிறது. இரும்புக் கல்லை இடித்து, முறத்தில் அரிசி புடைப்பது போலப் புடைத்து, படிகக் கல்லைப் போக்குகிறார்கள். நாலைந்தடி உயர மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி இரண்டு, மூங்கில் ஊதுகுழல். இப்படி எடுத்த இரும்பை அடித்துத் துண்டாக்கி, செம்மண்ணோடு கரிந்த உமி பிசைந்து செய்த மூசையிலே இடுகிறார்கள். இரும்பின் எடையில் பத்திலொரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சி. மேலே பச்சை எருக்கிலை ஒன்றிரண்டு. களிமண்ணால் வாயடைப்பு. இருபது, இருபத்துநான்கு மூசைகளை வளைவாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் ஊதுகிறார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி!

ஆவாரங்குச்சியில் கார்பன் இருக்கிறது. பச்சிலையிலிருந்து எழும் ஆவியும் துணை செய்கிறது. ஐரோப்பாவிலே இரும்பை எஃகாக்கப் பெட்டியிலடைத்து நாட்கணக்கில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே இரண்டரை மணி நேரம்! ஹீத் வியந்து போனார். ஆர்வ மிகுதியால், எகிப்தியர் தம் கல் தூண்களில் எழுத்துச் செதுக்கிய உளியும் இந்திய எஃகாகத்தான் இருக்கும் என்றுகூட எழுதிவிட்டார். அதை நாம் பிடித்துக்கொண்டு கூத்தாட வேண்டியதில்லை.

ஹீத்தின் முடிவைச் சொல்லாமல் விடலாகாது. ஷெபீல்டிலே குடியேறி, மூசையிலே மாங்கனீசுச் சேர்மம் சிறிது கலந்தால் மட்டமான இரும்பும் நல்ல எஃகாகும் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். நகரம் முழுதும் அதனால் கொழுத்தது. அவருடைய முகவராயிருந்தவரே சட்டத்தின் சந்து கண்டு, மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் இட்டு, உரிமைப் பணம் தராமல் தப்பினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹீத் வறுமையில் மாண்டார்; பிரபுக்கள் அவை 1855இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. சேலத்துக் கொல்லனுக்குக் காப்புரிமை இல்லாமற் போனது ஒரு கதை. காப்புரிமை பெற்ற வெள்ளையனும் வாழவில்லை என்பது மற்றொரு கதை.

ஜெர்மனியிலே பயிலும் நம் பிள்ளைகளுக்குச் சோலிங்கன் அண்மையில்தான் இருக்கும். அங்கே கிரேஃப்ராட் என்னும் பழம்பகுதி: கருங்கற்பலகை போர்த்திய சுவர், வெள்ளைச் சட்டம், பச்சைக் கதவு என மூன்று நிற வீடுகள் சந்தைத் திடலைச் சூழ, மேட்டிலே பழைய கன்னிமடம். அம்மடத்திலேதான் வாள், கத்திக் காட்சிச்சாலை இயங்குகிறது. அதையும் பார்க்கட்டும், அதைவிட, 1986 வரை கத்தரிக்கோல் அடித்து வந்த ஹென்றிக்ஸ் பட்டறையைப் பார்க்கட்டும். தொழிலாளர் உடை மாற்றிய அறைகூட அப்படியே இருக்கிறது, அவர்கள் இப்போதுதான் வெளியே போனதுபோல. 'சோலிங்கன்' என்னும் பெயரை அவ்வூரில் செய்யாத கத்தியில் பொறிக்கக்கூடாதென்று 1938இலிருந்து சட்டமே இருக்கிறது.

நம் நிலை என்ன? நம் ஊருக்கு வடக்கே சேர்வராயன் மலை. நகரைத் தாண்டித் தென்மேற்கே கஞ்சமலை. அம்மலையின் இரும்பை உருக்கச் சேலத்தில் உருக்காலை வேண்டுமென்று 1967 சூலை 23ஆம் நாள் நாடே எழுச்சி நாள் கொண்டாடியது. 1970இல் அடிக்கல் நாட்டினர். பல்லாண்டு கழித்து வந்தது, வெளியிலிருந்து வந்த உருக்கைத் தகடாக்கும் ஆலை. துருவேறாத் தகடு நல்ல தகடுதான்; கஞ்சமலைக் கல்லுக்கும் அதற்கும்தான் தொடர்பில்லை.

பழம்பெருமைக்குக் குறைவில்லை. ஒருகாலத்தில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த கிருட்டிணகிரிப் பகுதியின் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். சிவகளையில் கி.மு. 3345 என்று 2025 சனவரியில் அறிவித்தார்கள். மகிழ்ந்தோம், இனிப்பு வழங்கினோம். ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகளை ஜாகர் என்னும் ஜெர்மானியர் 1876லேயே தோண்டிப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார் என்று பெருமூச்சும் விட்டோம். ஐயாயிரம் ஆண்டுக்கு முன்னிருந்த கொல்லனுக்குப் பாராட்டு! ஐம்பது ஆண்டுக்கு முன்னிருந்த கொல்லனுக்கு? நான் பாடம் நடத்தும் வகுப்பிலே ஒரு பையனை மற்றவர்கள் 'துருத்தி' என்று கேலி பேசக் கேட்டிருக்கிறேன். அவன் பாட்டனார் பட்டறை வைத்திருந்தவராம். பையன் அதை வீட்டு முகவரியோடு சேர்த்து மறைக்கப் பார்க்கிறான். புறநானூற்றுப் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் மன்னனுக்கும் பக்கத்திலே கொல்லனையும் நிறுத்திப் பாடினார். எங்கள் வகுப்பிலே அந்தப் பாட்டும் மனப்பாடம், இந்தக் கேலியும் மனப்பாடம்.

தொழில் அழிந்தமைக்கு வெள்ளையனைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஏற்றத்தான் வேண்டும். 1856இல் பெசமர் முறை வந்தபின் மலிவு எஃகு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது; 1882இன் சென்னை வனச் சட்டம் கரிக்குக் காட்டை மூடியது. ஆனால், தொழில் அழிந்தால் அதன் அறிவும் அழிய வேண்டுமா? ஷெபீல்டிலும் மூசைத் தொழில் அழிந்தது. அறிவு ஏட்டில் நின்றது, உலை காட்சியில் நின்றது. இங்கே உலையில் நின்றவன் கை ஏட்டைத் தொடலாகாது. ஏட்டைத் தொட்டவன் கை கரியைத் தொடலாகாது. இருவரும் ஒரு திண்ணையில் அமரலாகாது! பாரடேயும் ஸ்டோடார்ட்டும், வெர்ஹோவனும் பெண்ட்ரேயும் ஒரே மேசையில் அமர்ந்தது போல இங்கே அமர்ந்திருந்தால், எருக்கிலையின் செய்தியை நாம் ஓர் ஆங்கிலேயர் கட்டுரையிலிருந்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

கஞ்சமலை அடிவாரத்திலே ஓர் உலைக்கூடம் வேண்டும். பளிங்கு மாளிகை வேண்டாம். அபிடேலைப்போல, தொழில் நடந்த வடிவிலேயே ஒரு கொட்டகை போதும். ஹீத் எழுதிய முறை அச்சில் இருக்கிறது. கொடுமணலில் தோண்டிக் கண்ட மூசை உலைகளின் அளவுகள் தொல்லியலாரிடம் இருக்கின்றன. செம்மண்ணும் உமியும் ஆவாரையும் எருக்கும் விலைக்கு வாங்க வேண்டியவை அல்ல. சம்மட்டி பிடித்துப் பழகிய முதியவர்கள் சிற்றூர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியர்களாக அமர்த்திச் சம்பளம் கொடுக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை உலை மூட்டி, மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதச் சொல்லட்டும். மூசையை உடைக்கும் சம்மட்டியை முதலில் எங்கள் வகுப்புப் பையனிடம் கொடுக்கலாம்.